உறங்கும் நோயாளியும் ஓய்ந்த சுரப்பியும்

எடோமிடேட் என்னும் மயக்க மருந்தைச் சிங்கப்பூர் சர்க்கார் 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி முதல் போதைப் பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தனர். அதை இறக்குமதி செய்வோருக்கும் விற்போருக்கும் சிறையுடன் பிரம்படியும் உண்டென்று விதித்தனர். சீன தேசத்தில் 2023-ம் வருஷத்திலேயே இது கட்டுப்பாட்டுக்குட்பட்டது. மின்சிகரெட்டில் இம்மருந்தைக் கலந்து வாலிபர்கள் புகைக்கத் தலைப்பட்டதே இதற்கெல்லாம் காரணம். இந்த வாலிபர்கள் தெருவில் தள்ளாடி விழுவதைப் பற்றிப் பலரும் பேசினார்கள். கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு கேட்டைப் பற்றி ஜனங்களுக்கு அதிகமாக ஒருவரும் எடுத்துச் சொல்லக் காணோம். அதைச் சற்று விஸ்தரித்து எழுத நாம் விரும்புகிறோம்.

எடோமிடேட் பெல்ஜியம் தேசத்து ஜான்ஸன் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில் பிறந்தது. 1970-களில் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் வழங்கத் தொடங்கியது. மற்ற மயக்க மருந்துகளைப்போல் இது இரத்த அழுத்தத்தை வீழ்த்துவதில்லை, இருதயத்தையும் தளர்த்துவதில்லை. இக்குணத்தைக் கண்டு வைத்தியர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அம்மகிழ்ச்சியில் ஒருபடி மேலே சென்று, விபத்தில் படுகாயமுற்றுச் சுவாச யந்திரத்தின் உதவியால் உயிர் தரித்திருப்போருக்கு இதை நாட்கணக்கில் இரத்தக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தலாயினர். நோயாளி அமைதியாகக் கிடந்தான். நாடி ஒழுங்காக இருந்தது. எல்லாம் க்ஷேமம் என்றே தோன்றியது.

ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்தில் லெடிங்ஹாம், வாட் என்னும் இரு வைத்தியர்கள் தங்கள் விடுதியில் மரணங்கள் பெருகுவதைக் கவனித்தனர். தங்களிடம் இறந்தவர்களைத் தாங்களே எண்ணிப் பார்க்கும் நேர்மை வைத்தியர்களிலும் சரி, மந்திரிகளிலும் சரி, அபூர்வமாகவே காணப்படுவது. 1983-ம் வருஷத்தில் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் எச்சரிக்கை விடுத்த இவர்கள், மறுவருஷம் முழுக் கணக்கையும் பிரசுரித்தனர். மார்பின் முதலியவற்றால் அமைதியூட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 28 பேர் மாண்டிருந்தனர். எடோமிடேட் பெற்றவர்களிலோ நூற்றுக்கு 77 பேர்!

இதன் காரணம் சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளில் இருந்தது. காயம், ஜுரம், இரத்த நஷ்டம் ஆகிய ஆபத்துக்கள் நேரும்போது உடலைத் தாங்கி நிற்பது அச்சுரப்பிகள் தரும் கார்ட்டிஸால் என்னும் ஹார்மோன். அது பல படிகளில் தயாராகிறது. அவற்றில் கடைசிப் படியை நடத்தி வைக்கும் என்ஸைமை எடோமிடேட் தடுத்துவிடுகிறது. தூக்கம் வருவதற்கு வேண்டிய அளவைவிட மிகக் குறைந்த அளவே இத்தடைக்குப் போதும். எனவே, தூக்கம் கலைந்த பிறகும் தடை நீங்குவதில்லை. ஒரே ஒரு ஊசியின் விளைவுகூடப் பல மணி நேரம், சிலரிடம் ஒரு நாள் வரையிலும், நீடிப்பதுண்டு. மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ‘கார்ட்டிஸால் வேண்டும்’ என்று மேலும் மேலும் தூது அனுப்பினாலும் அட்ரினல் பதில் சொல்ல இயலாது. தனக்கு நேர்வது இன்னதென்று வாய்விட்டுச் சொல்லவும் நோயாளிக்கு வழியில்லை; அவன்தான் உறங்குகிறானே!

இம்மருந்து ஒன்றே இத்தகையதென்று நினைப்பது தவறு. மார்பினை நெடுநாள் உட்கொண்டால், ஆண்களுக்கு ஆண்மை ஹார்மோன் குன்றும். பெண்களுக்கு மாதவிடாய் தவறும். குளோர்புரோமஸின் பால் சுரப்பிக்கும் ஹார்மோனை உயர்த்திப் பிள்ளை பெறாதவளுக்கும் பால் வரச் செய்யக்கூடும்.

எடோமிடேட்டை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. இரத்த அழுத்தம் சரிந்த நிலையில் வரும் நோயாளிக்குச் சுவாசக் குழாய் செலுத்துமுன் ஒருமுறை கொடுப்பதற்கு இன்றும் பல வைத்தியர்கள் இதையே நாடுகிறார்கள். கார்ட்டிஸால் மிதமிஞ்சிச் சுரக்கும் குஷிங் வியாதி முற்றிய சமயத்தில், இதன் தீங்கே மருந்தாகவும் உதவுகிறது. ஆனால் வைத்தியர்கள் நாட்கணக்கில் செலுத்துவதற்கு அஞ்சிக் கைவிட்ட ஒரு சரக்கை, அளவும் தெரியாமல், கலப்பும் தெரியாமல், வாலிபர்கள் தினந்தோறும் சுவாசப்பையில் இழுத்துக் கொண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது நமக்குப் பெரிதும் கவலை உண்டாகிறது.

விற்பவனைப் பிரம்பால் அடிப்பது சர்க்காரின் இஷ்டம். பிடிபட்ட வாலிபனைப் பற்றியே நாம் கேட்கிறோம். அவனுக்கு மயக்கம் தெளிந்ததும் உபதேசம் செய்து அனுப்பிவிட்டால் போதாது. அவன் இரத்தத்தில் கார்ட்டிஸால் எவ்வளவு, பொட்டாசியம் குறைந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சோர்வு, வாந்தி, தலைசுற்றல் என்று மீண்டும் வந்தால் அதைப் பாசாங்கென்று தள்ளிவிடலாகாது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளும் தீவிர சிகிச்சை விடுதிகளில் எந்த மயக்க மருந்து யாருக்கு எத்தனை நாள் தரப்பட்டது, முடிவு என்னவாயிற்று என்ற கணக்கை வருஷந்தோறும் வெளியிட வேண்டும். நோயாளியின் பந்துக்கள் மருந்தின் பெயரைக் கேட்டால், மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.