கோடை சூட்டும் பட்டு டையும்: வியாபாரிக்கு எது பொருத்தம்?

கடந்த வருடம் மார்ச் மாதத்தில் எனக்குத் தெரிந்த இளம் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். சீனாவில் நடைபெறும் கன்டன் கண்காட்சிக்கு முதற்தடவையாகப் போகப் போகிறாராம். "நானா, நல்ல கோட் சூட் ஒன்று தைக்கப் போகிறேன். டையும் நாலு வாங்க வேண்டும். பெரிய முதலாளிமாரைச் சந்திக்கப் போகிறோம், சும்மா போக ஏலுமா?" என்றார். பணம் ஏது என்று கேட்டேன். ஒருவரிடம் கைமாற்று வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

எனக்கு என்னுடைய முதற் பயணம் நினைவுக்கு வந்தது.

1957ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இக்கண்காட்சி வருடத்தில் இரு தடவை, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், குவாங்சோ நகரில் ஆரம்பமாகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே வெப்பத்தோடு ஈரப்பதமும் மழையும் சேர்ந்துகொள்ளும். கொழும்பில் பிறந்து வளர்ந்த நமக்கே சட்டை உடம்போடு ஒட்டும். இதை அறியாத நான் குளிர் நாட்டுக்கென்று தைத்த தடித்த கறுப்புக் கம்பளி சூட்டை அணிந்து போனேன். உள்ளே அரைக்கைச் சேர்ட். கழுத்தில் பளபளவென்று மின்னும் டை. பகல் பன்னிரண்டு மணிக்குள் கோட்டைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நான் பேசப்போன தொழிற்சாலை உரிமையாளரோ சாதாரண டீ சேர்ட்டுடன் நின்றார்! என் உடையைப் பார்த்தோ என்னவோ, எனக்கு அவர் சொன்ன விலை பக்கத்தில் நின்ற வேறொரு நாட்டு வியாபாரிக்குச் சொன்னதை விடக் கூடுதலாக இருந்தது.

அதை விடப் பெரிய பாடம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களின் பெயரால் அறியப்படும் அடக்கத்தலத்தை அடுத்துள்ள பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதேன். பல நாட்டு வியாபாரிகளும் அங்கே கூடுவார்கள். தொழுகை முடிந்ததும் பக்கத்திலிருந்த நம் நாட்டுப் பெரியவர் ஒருவர் என் டையின் பின்பக்கத்தை மெல்லத் திருப்பிக் காட்டினார். சிறிய லேபலில் "100% சில்க்" என்று இருந்தது. "தம்பி, இது அசல் பட்டு. ஆண்களுக்கு ஆகாதே" என்றார். மினுக்கத்தைப் பார்த்து வாங்கினேனே தவிர, லேபலை நான் பார்க்கவேயில்லை. ஆண்களுக்குப் பட்டு தடை என்பதைச் சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்தவன் நான். அன்று வெட்கப்பட்டது போல் நான் என்றும் வெட்கப்பட்டதில்லை.

இன்றும் விலை கூடிய டைகளில் பெரும்பாலானவை பட்டுதான். பரிசாக வருபவையும் அவைதான். ஆடையின் ஓரத்தில் நான்கு விரல் அகலம் வரை பட்டு இருக்கலாம் என்ற சலுகை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆனால் முழுவதும் பட்டாலான டைக்கு அதை நாமாகவே பொருத்திக்கொள்வது முறையல்ல. சந்தேகமிருந்தால் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "ஆர்ட் சில்க்", "சில்க் பினிஷ்" என்பவை பெரும்பாலும் பொலியெஸ்டர் அல்லது விஸ்கோஸ். இவை பட்டுப்புழுவிலிருந்து வருபவை அல்ல என்பதால் அத்தடைக்குள் வராது என்பதே பொதுவாக உலமாக்கள் தரும் விளக்கம். லேபல் இல்லாவிட்டால் டையின் உள்ளிருந்து ஒரு நூலை எடுத்து எரித்துப் பாருங்கள். பட்டு, முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும்.

இனி, வெயில் காலச் சூட்டுக்கு எதை அணிவது?

முதலில் துணி. மெல்லிய கம்பளி, லினன், பருத்தி ஆகிய மூன்றுமே காற்றோட்டமானவை. லினன் குளிர்ச்சியானது, ஆனால் உட்கார்ந்து எழும்பினால் கசங்கிவிடும். ஒரேயொரு சூட்தான் தைப்பதென்றால் மெல்லிய கம்பளியில் நடுத்தரச் சாம்பல் அல்லது கருநீல நிறத்தில் தைப்பதே புத்தி. நிக்காஹ், வலீமாவுக்கும் அதுவே உதவும். உள் லைனிங்கைப் பாதி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். முழுப் பொலியெஸ்டர் துணி விலை குறைவுதான், ஆனால் உள்ளே ஆவி பிடித்தது போலிருக்கும். காற்சட்டை கரண்டைக்கு மேல் இருக்க வேண்டுமென்று பேணுபவர்கள் அளவெடுக்கும்போதே தையற்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு மடித்து விடுவது அழகாக இராது.

அடுத்தது சேர்ட். சூட்டுக்குள் அரைக்கைச் சேர்ட் வேண்டாம். கோட்டின் கைக்கு வெளியே சேர்ட்டின் கை அரை அங்குலம் தெரிய வேண்டும். வெள்ளையும் இளநீலமும் போதும். வியர்வை பட்டால் இளநீலத்தில் ஈரம் நன்றாகத் தெரியும். ஆகவே, நாள் முழுக்க நடக்கும் நாட்களில் வெள்ளையே சிறந்தது. நபி (ஸல்) அவர்கள் விரும்பிய நிறமும் அதுவே. பருத்திச் சேர்ட்டாகப் பாருங்கள். பகலில் மாற்றுவதற்கு இன்னொன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்துக்கே சேர்ட் தைத்து அனுப்பும் நாடு நமது நாடு. ஏற்றுமதியில் மிஞ்சிய நல்ல சேர்ட்டுகள் புறக்கோட்டையிலேயே கிடைக்கும்போது வெளிநாட்டு விமான நிலையத்தில் வாங்குவானேன்? கொலரையும் தையலையும் பொத்தானையும் மட்டும் கவனமாகப் பார்த்து வாங்குங்கள்.

டை விடயத்தில் மூன்று விதிகளை நினைவில் வைத்தால் போதும். சேர்ட்டை விட டை கடும் நிறமாக இருக்கட்டும். இரண்டில் ஒன்றில் மட்டும் கோடோ புள்ளியோ இருக்கட்டும். டையின் நுனி பெல்ட்டின் பூட்டைத் தொடட்டும். சாம்பல் சூட்டுக்கு வெள்ளைச் சேர்ட்டும் கருநீல டையும், நீலச் சூட்டுக்கு வெள்ளை அல்லது இளநீலச் சேர்ட்டும் மெரூன் டையும், மணல் நிறச் சூட்டுக்கு இளநீலச் சேர்ட்டும் கடும் பச்சை அல்லது கபில நிற டையும் பொருந்தும். மினுக்கமில்லாத வெயில் காலத் துணிக்கு மின்னும் டை எடுப்பாக இராது. பருத்தி, லினன், மெல்லிய கம்பளி டைகளே இசையும். மார்க்கம் சொல்வதையே இங்கே தையற்காரரும் சொல்கிறார்.

டையே தேவைதானா என்று சிலர் கேட்கலாம். ஜப்பான் அரசாங்கம் 2005ஆம் ஆண்டில், கோடையில் கோட்டும் டையும் இல்லாமலே அலுவலகம் வரலாம் என்று ஒரு பிரசாரமே நடத்தியது. குளிரூட்டியை 28 பாகையில் வைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவதே நோக்கம். கண்காட்சி மண்டபத்துக்கு டை அவசியமில்லை என்பதே என் கருத்தும். வங்கி முகாமையாளரைக் காணும்போது, தூதரகத்துக்குப் போகும்போது, வர்த்தகச் சங்க விருந்தின்போது கட்டினால் போதும். இரண்டு டைகளே தாராளம். டையை அறவே தவிர்ப்பவர்களின் பேணுதலையும் மதிக்கிறேன். சுத்தமான கொலருடன் மேல் பொத்தானைத் திறந்து விட்டால் அதுவும் கண்ணியமே.

ஆனால் கைமாற்று வாங்கி சூட் தைப்பதை என்னால் ஏற்க முடியாது. வியாபாரத்தில் உடை நம் ஒழுங்கைக் காட்ட வேண்டுமே தவிர, இல்லாத செல்வத்தைக் காட்டக்கூடாது. அப்படிக் காட்டினால் அதற்குரிய விலையை எதிர்த்தரப்பு நம்மிடமே வசூலிக்கும். திரும்பிவந்த பின் கடன்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும். மறுபுறம், "அல்லாஹ் பார்ப்பது உள்ளத்தைத்தானே" என்று சொல்லிக்கொண்டு கசங்கிய சேர்ட்டும் அழுக்குச் சப்பாத்துமாகப் போவதும் சரியல்ல. வீண்விரயமும் கூடாது, அலட்சியமும் கூடாது.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னேன். முகம் வாடித்தான் போனார். என்றாலும் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருந்த பணத்தில் ஒரு சாம்பல் சூட்டும் மூன்று வெள்ளைச் சேர்ட்டும் ஒரு பருத்தி டையும் எடுத்துக்கொண்டு போனார். சில மாதங்களில் அவருடைய முதற் கொள்கலன் துறைமுகத்தில் இறங்கியது. "டை கட்டினீர்களா?" என்று கேட்டேன். "ஒரு நாள்தான் நானா, இங்கே வங்கிக்குப் போனபோது" என்றார்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.