மேட்டுக்கு இரண்டு எல்லை

மனிதப் புவியியல் பாடம் ஓர் ஊரைப் பற்றி முதலில் இரண்டு கேள்வி கேட்கும். ஊர் எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது? சுற்றிலும் எதனோடு ஒட்டியிருக்கிறது?

காரைக்கால்மேட்டில் முதல் கேள்வி சுலபம். அரசலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய மணல்மேடு அது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மணல் வேண்டும், நெல்லுக்கு வண்டல் வேண்டும். அதனால் இந்தக் கரையில் ஊர்கள் சோடி போட்டுக்கொண்டு நிற்கின்றன: உள்ளே வயலோடு கோட்டுச்சேரி, கரையில் கோட்டுச்சேரிமேடு, உள்ளே காசாக்குடி, கரையில் காசாக்குடிமேடு. உழுபவர் ஊரும் கடலோடி ஊரும் அரிசியும் மீனுமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டு அருகருகே வளர்ந்தன.

இரண்டாவது கேள்விதான் வம்பு. மேடு இருக்கும் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டு, சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு, தலைமைச் செயலகமோ நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே புதுச்சேரியில். 1739இல் தஞ்சை மராத்தியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற நிலம். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது, பழைய எல்லைக் கோடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பேருந்தில் தூங்குகிறவர் அதைத் தாண்டுவது தெரியாமலே தாண்டுவார். விழித்திருந்தால் மதுக்கடைப் பலகைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஆனால் விவசாயியைக் கேளுங்கள். காவிரிக் கடைமடையான இந்த வயல்களுக்காகத்தான் புதுச்சேரியும் காவிரி வழக்கில் ஒரு கட்சி. 2007இல் நடுவர் மன்றம் அதற்கு ஒதுக்கிய 7 டிஎம்சி தண்ணீரை 2018இல் உச்ச நீதிமன்றமும் மாற்றவில்லை.

மேட்டுக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய கோடு கடலில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்டது. வேலியும் கிடையாது, பலகையும் கிடையாது. ஜிபிஎஸ் திரையில் மட்டும் தெரியும். 2025 ஜனவரி 28 விடியற்காலையில் நெடுந்தீவு அருகே 13 பேர் இருந்த காரைக்கால் படகின் மீது இலங்கைக் கடற்படை சுட்டது. ஐந்து பேர் காயமடைந்தார்கள். டெல்லி கண்டித்தது. துப்பாக்கிச் சூட்டுக்கு எந்த நியாயமும் கிடையாது.

ஆனால் அந்தக் கோட்டுக்கு அப்பால் வலை விரிப்பவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான், பெரும்பாலும் சிறு படகுக்காரர்கள். கடலடியைச் சுரண்டும் இழுமடியை இலங்கை 2017இலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. நம் பக்கத்து விசைப்படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதாக யாழ்ப்பாணத்தார் வருடக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். நம் கரையில் அதைப் பேச ஆரம்பித்தால் யாராவது உடனே கச்சத்தீவுக்குத் தாவிவிடுகிறார்கள்.