சதியும் வதந்தியும்



மில் வாசலிலும் களத்து மேட்டிலும் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். "சர்க்கார் பொய் சொல்லுமா?" என்பார் ஒருவர். "எல்லாமே சர்க்கார் சதிதான்!" என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. விசாரித்து அறியும் சிரமத்தை இருவருமே தட்டிக் கழிக்கிறார்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். அலபாமா மாகாணத்தில் டஸ்கீகி என்றோர் ஊர். அதைச் சுற்றிலும் பருத்தி நிலங்களை வாரத்துக்கு உழுத ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். 1932-ல் அந்நாட்டுச் சர்க்காரின் பொதுச் சுகாதாரத் துறை அவர்களில் சுமார் 600 ஆண்களைத் திரட்டியது. 399 பேருக்கு சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தது. "உங்கள் ரத்தம் கெட்டிருக்கிறது, வைத்தியம் செய்கிறோம்" என்றார்கள். சாப்பாடு போட்டார்கள். செத்தால் அடக்கச் செலவும் தருவதாகச் சொன்னார்கள். வைத்தியம் மட்டும் செய்யவில்லை! நோய் முற்றினால் உடம்பு என்னவாகும் என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம். 1947 வாக்கில் பென்சிலின் இந்நோய்க்குரிய மருந்தாகிவிட்டது. அதையும் கொடுக்கவில்லை. இப்படி 40 ஆண்டுகள்!

அத்துறை ஊழியர் பீட்டர் பக்ஸ்டன் 1966-ல் ஆட்சேபித்து எழுதினார். மேலிடம் அசையவில்லை. 1972 ஜூலையில் அவர் தந்த தகவல் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அவ்வாண்டே ஆராய்ச்சி நின்றது. 1997-ல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, இந்த ஆராய்ச்சியின் முடிவுகள் 1936 முதலே வைத்திய சஞ்சிகைகளில் அச்சாகி வந்தன. படித்த டாக்டர்களில் பெரும்பாலோர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டாவது, "சர்க்காரே ஊசி போட்டு நோயை ஏற்றியது" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். டஸ்கீகியில் அப்படி நடக்கவில்லை. இருந்த நோய்க்கு மருந்து தராமல் சாகவிட்டதே குற்றம். "எப்படியும் அயோக்கியத்தனம்தானே?" என்று கேட்கலாம். கூலிக் கணக்கில் ஒரு நாளைக் கூட்டி எழுதிப் பாருங்கள். மிராசுதார் முழுக் கணக்கையும் கிழித்தெறிவான். மெய்யோடு கலந்த பொய் எதிரிக்கே உதவும்.

நம் இயக்கத்தின் கதையையும் ஒளிக்காமல் சொல்வோம். டாக்டர்கள் சிலர் சோவியத் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக 1953 ஜனவரி 13-ல் 'பிராவ்தா' எழுதிற்று. உலகெங்கும் நம்மவர் பலர் அப்படியே நம்பினார்கள். மார்ச் 5-ல் ஸ்டாலின் மறைந்தார். ஏப்ரல் 4-ல் சோவியத் சர்க்காரே அந்த வழக்கு பொய் என்றும், வாக்குமூலங்கள் முறைகேடாக வாங்கப்பட்டவை என்றும் அறிவித்தது. நம் பத்திரிகை சொன்னால் கேள்வி எதற்கு என்று இருந்துவிட்டோம். அது நமது தவறு.

ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் கேளுங்கள்: சொல்வது யார்? கண்ணால் கண்டவர் யார்? எழுத்தில் என்ன ஆதாரம்? மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? படிக்கத் தெரிந்த தோழர் உரக்கப் படிக்கட்டும். கேட்கிற தோழர்கள் குறுக்குக் கேள்வி போடட்டும். இந்த ஏட்டையும் அப்படியே படியுங்கள். எங்களுக்கே தலையாட்டிப் பழகியவர் நாளை முதலாளிக்கும் தலையாட்டுவார். கேள்வி கேட்கும் தொழிலாளியே சங்கத்தின் பலம்!