காருகுறிச்சியின் இசைத்தட்டுகளைப் பதிப்பது யார்?

கரிவலம்வந்தநல்லூரில் ரேடியோ செட் கட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. பால்வண்ணநாதர் கோயில் ஆவணித் தபசோ, கல்யாணமோ, சடங்கோ, எதுவானாலும் குழாயில் முதலில் நாதஸ்வரம்தான் ஒலிக்க வேண்டும். அதுவும் காருகுறிச்சி அருணாசலமாக இருக்க வேண்டும். கழுகுமலை தாண்டினால் கோவில்பட்டி, அவர் குடியிருந்த ஊர். எங்கள் பக்கத்தில் அவரை யாரும் வெளியூர்க்காரராக நினைத்ததில்லை.

அப்பா சேர்த்துவைத்த அரக்குத் தட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. கை தவறினால் ஓடு மாதிரி உடையும். 78 சுற்றில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். விடிய விடிய வாசித்த மனுஷர் அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தின் முகத்தைக் காட்டிவிடுகிறார். குரு ராஜரத்தினம் பிள்ளையிடம் கம்பீரம் என்றால் இவரிடம் குழைவு. கூர்ந்து கேட்டால் சீவாளியில் காற்று உரசுவதுகூடக் கேட்கும்.

இப்போது செல்போன் செயலிகளில் இந்தப் பதிவுகள் ‘ஆல்பம்’ என்ற பெயரில் திரும்ப வருகின்றன. வருவதில் சந்தோஷம்தான், ஆனால் வரும் விதம் வருத்துகிறது. 1964-ல் காலமானவரின் வாசிப்புக்கு இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷம் போட்டிருக்கிறது. தவில் யார், உடன் வாசித்தவர் யார் என்ற விவரம் பலவற்றில் இல்லை. தவில்காரர் பெயர் இல்லாமல் ஒரு நாதஸ்வரப் பதிவை எப்படி வெளியிட மனசு வருகிறது? இரைச்சலை நீக்குகிறேன் என்று இழைத்து இழைத்து, வலந்தலையின் சுள்ளென்ற அடியையும் சேர்த்து மழுக்கிவிடுகிறார்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆக, காருகுறிச்சியார் உயிரோடிருந்தபோது வெளிவந்த தட்டுகள் அனைத்தின் ஒலிப்பதிவு உரிமையும் 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யின் ‘சிங்கார வேலனே’ போன்ற சினிமாப் பாட்டுகளை அப்படித் தொட முடியாது. பாட்டுக்கும் மெட்டுக்குமான உரிமை, எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்து 60 ஆண்டு ஆகும்வரை நீடிக்கும். ராக ஆலாபனைக்கும் தியாகராஜர் கீர்த்தனைக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

பாரதி பாடல்களின் உரிமையை 1949-ல் அரசு விலை கொடுத்து வாங்கியது. நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் எல்லோரும் படிக்க வைத்திருக்கிறது. இந்தத் தட்டுகளுக்கு உரிமைத் தொகைகூடத் தர வேண்டியதில்லை. இயல் இசை நாடக மன்றமும் இசைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தட்டு எண், வெளியான ஆண்டு, பக்கவாத்தியக்காரர் பெயர் எல்லாம் குறித்து ஒரு செம்பதிப்பு கொண்டுவரலாமே! இளையராஜாவின் எழுபதுகள், எண்பதுகளின் பாட்டுகளை இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் தேடித் தொகுத்து இசைத்தட்டாகப் போட்டது. அந்த அக்கறை நமக்கு நம் நாதஸ்வரத்தின் மேல் வேண்டாமா?

தள்ளிப்போட நேரமில்லை. தவில் சொல்லைக் கேட்டே “இது இன்னார் கை” என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். சங்கரன்கோவில், ராஜபாளையம் வட்டாரத்துப் பழைய செட்டுக்காரர் வீட்டுப் பரண்களில் தட்டுகள் கிடக்கின்றன. நல்ல பிளேயரும் பதிவுக் கருவியுமாக யாராவது வரட்டும். எங்கள் வீட்டுப் பெட்டியை நாளைக்கே இறக்கித் தருகிறேன்.