வெண்கண்ணீரும் ஆய்வேடும்

இடைநிலைப்பள்ளியில் கதைக்கும் கவிதைக்கும் பரிசு பெற்ற மாணவன் பல்கலைக்கழகத்தில் அளிக்கும் முதல் ஆய்வுக்கட்டுரை, சிவப்பு மையோடு திரும்புகிறது. உடனே, 'தமிழ் ஆய்வுக்கு உதவாது' என்று மொழியின்மேல் பழி சுமத்துவோர் உளர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழிலேயே ஆய்வேடுகள் எழுதப்பட்டதை இவர்கள் அறியார் போலும்!

பழி தமிழ் வகுப்பறைக்கு உரியது. ரப்பர்ப் பாலைப் பற்றி எழுதச் சொன்னால், 'மரம் வடிக்கும் வெண்கண்ணீர்' என்று தொடங்குபவனுக்கே அங்கு முதல் மதிப்பெண். அப்பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்தால் ஏன் உறைகிறது? துகள்களை விலக்கி வைத்திருந்த எதிர்மின்னூட்டம் நடுநிலையாவதால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செய்தி இவ்வளவே. இதைக் கண்ணீரின்றி எழுத அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. (ரப்பர்த் தாள் போட்ட பாட்டியோ எத்தனை பாலுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு அமிலம் என்று பிசகாமல் சொல்லிவிடுவார்.)

நன்னூல் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலையும் மற்றொன்று விரித்தலையும் வைத்தது. அவற்றை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியரே, மறுநாள் கட்டுரைத்தாளில் அவ்விரண்டுக்கும் மதிப்பெண் வாரி வழங்குகிறார்! கற்பனையை விடுமாறு எவரும் கேட்கவில்லை. நான்காம் படிவத்திலேயே, கண்டது, அளந்தது, முடிந்தது என்று வாரம் ஒரு குறிப்பைத் தமிழில் எழுதச் செய்யட்டும். வருணனைக் கட்டுரைக்கு இடும் மதிப்பெண்ணை அதற்கும் இடட்டும்.