ஆர்வெல் இருந்தபோது ஆலை மூடியிருந்தது

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் இருக்கும் ஜூரா தீவுக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று விஸ்கி, இன்னொன்று ஜார்ஜ் ஆர்வெல். வழிகாட்டியோடு போகும் பயணங்களில் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையில் விஸ்கி ஆலை, அதன் பிறகு ‘1984’ நாவல் எழுதப்பட்ட வீடு. அப்படி ஒரு குழுவில் நானும் போனேன். இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு தீவின் பிழைப்பில் இருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

பக்கத்துத் தீவான ஐலாவின் போர்ட் ஆஸ்கெய்க் துறையில் படகு ஏறினால் ஐந்து நிமிடத்தில் ஜூரா வந்துவிடும். தீவு முழுவதற்கும் ஒரே ஒரு நெடுஞ்சாலை. அதுவும் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிரே யாராவது வந்தால் ஒதுங்கி நின்று, கையசைத்து வழிவிட வேண்டும். மனிதர்கள் சுமார் 200 பேர், மான்கள் 5,000க்கும் மேல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். பிழைப்பில்லாமல் தலைமுறை தலைமுறையாக வெளியேறிப்போனார்கள்.

கிரெய்க்ஹவுஸ் என்பதுதான் ஊர். ஒரு ஹோட்டல், ஒரு கடை, ஒரு பள்ளி, கடலைப் பார்த்தபடி வெள்ளையடித்த விஸ்கி ஆலை. உள்ளே நுழைந்ததும் பார்லி மாவின் வாசனை. வெந்நீரில் ஊறி இனிப்பு இறங்கிய பார்லிச் சாற்றில் ஈஸ்ட்டைச் சேர்த்துப் பெரிய தொட்டிகளில் புளிக்க விடுகிறார்கள். வழிகாட்டிப் பெண் ஒரு தொட்டியின் மூடியைச் சற்றே தூக்கி, மெதுவாக முகர்ந்து பார்க்கச் சொன்னார். எல்லை மீறிப் பொங்கிய தோசை மாவின் புளிப்பும், அதன் பின்னாலேயே மூச்சை அடைக்கும் ஒரு காரமும் வந்தன. உள்ளே நுரை சுழன்றுகொண்டிருந்தது.

அடுத்த கூடத்தில் செப்புக் கொதிகலன்கள். சுமார் 25 அடி உயரம். கழுத்து நீளமாக இருப்பதால் கனமான ஆவி மேலே ஏற முடியாமல் திரும்பிக் கீழே விழுந்துவிடும்; லேசானது மட்டும் தாண்டிப் போகும். அதனால் இங்கே இறங்கும் விஸ்கி மென்மையாக இருக்கும். பக்கத்து ஐலாவின் தென்கரையில் லாஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் ஆலைகளின் விஸ்கி இதற்கு நேர் எதிர். பீட் என்ற சதுப்பு மண்ணை வெட்டி, காயவைத்து, எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவதால், ஒரு மடக்கிலேயே புகையும் மருந்து நெடியும் ஏறும். ஸ்காட்ச் விஸ்கிக்கான சட்டப்படி வடித்ததைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓக் பீப்பாயில் வைத்திருந்தால்தான் அதற்கு விஸ்கி என்ற பெயரே. பீப்பாய்களில் பல அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே பர்பன் என்ற விஸ்கியைத் தயாரிக்க ஒவ்வொரு முறையும் புதுப் பீப்பாய் வேண்டும் என்று சட்டம் இருப்பதால், பழையவை கடல் தாண்டி இங்கே வந்து சேர்கின்றன.

1984ஆம் ஆண்டு வடித்த விஸ்கியை ஆர்வெல் நினைவாகவே ஜூரா ஆலை விற்றிருக்கிறது. ஆனால் ஆர்வெல் இந்தத் தீவில் வாழ்ந்தபோது ஆலை இயங்கவில்லை. 1810இல் தொடங்கிய ஆலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டு, கூரையும் இல்லாமல் நின்றது. அதை 1963இல் மீண்டும் திறக்க முன்னின்ற இரண்டு நிலக்கிழார்களில் ஒருவர் ராபின் ஃபிளெட்சர். தீவில் ஆள் தங்க வேண்டுமென்றால் வேலை வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். ஆர்வெலுக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்தவரும் இதே ஃபிளெட்சர்தான்.

அந்த வீடு பார்ன்ஹில். கிரெய்க்ஹவுஸிலிருந்து வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஆர்ட்லசா என்ற சிற்றூரைத் தாண்டிச் சில மைல்களில் தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் ஆறு கிலோமீட்டருக்குக் கல்லும் சேறுமான தடம். நாங்கள் நடந்தோம். மரமில்லாத மேடு, கால் புதையும் சதுப்பு, வலதுபுறம் கடல். கடைசி ஏற்றத்தில் நின்றால் கீழே புல்வெளி நடுவே தனியாக ஒரு வெள்ளை வீடு தெரிகிறது. இன்றும் ஃபிளெட்சர் குடும்பத்துக்குச் சொந்தமானது. அருங்காட்சியகம் கிடையாது, வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்த எரிக் பிளேர், ஆர்வெல் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றபோது மனைவியை இழந்திருந்தார். ஐலீன் 1945 மார்ச்சில் அறுவைச் சிகிச்சை மேசையில் இறந்தார். அந்தப் புகழைத் தந்த ‘விலங்குப் பண்ணை’ நாவல் வெளிவந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். அடுத்த மே மாதம் ஆர்வெல் ஜூராவுக்கு வந்தார். தங்கை ஏவ்ரில் வீட்டைப் பார்த்துக்கொண்டார். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் எழுதினார், காய்கறி போட்டார், கோழி வளர்த்து முட்டைகளை எண்ணி நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1947 ஆகஸ்டில், தத்துப் பிள்ளை ரிச்சர்டோடு படகில் போனபோது கோரிவ்ரெக்கன் நீர்ச்சுழலில் மோட்டார் பிய்த்துக்கொண்டு போயிற்று. பாறையில் ஏறித் தவித்தவர்களை மீட்டவர்கள் அவ்வழியே வந்த மீனவர்கள்.

காசநோய் முற்றி ஏழு மாதம் மருத்துவமனையில் கிடந்தபின், 1948 ஜூலையில் மறுபடியும் இங்கேதான் வந்தார். திருத்தல்கள் நிறைந்த கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்ய அவ்வளவு தூரம் வர யாரும் கிடைக்கவில்லை. இருமலோடு படுக்கையில் சாய்ந்தபடி தானே முழுவதையும் தட்டச்சு செய்து டிசம்பரில் முடித்தார். நாவல் 1949 ஜூன் 8 அன்று வெளிவந்தது. 1950 ஜனவரி 21 அன்று, 46 வயதில், ஆர்வெல் இறந்தார்.

அந்த நாவலில் கட்சிக்காரர்களுக்கு அரசு கொடுப்பது ‘விக்டரி ஜின்’ என்ற மது. எண்ணெய் நாற்றம் அடிக்கும், தொண்டையைச் சுட்டு நினைவை மழுங்கடிக்கும். அதே நாவல் எழுதப்பட்ட வீட்டுக்குத் தெற்கே, ஆர்ட்லசாவில் மூன்று பெண்கள் சேர்ந்து 2015இல் லஸ்ஸா ஜின் தயாரிக்கத் தொடங்கினார்கள். ரோஜா இதழ், ஜூனிப்பர், கடல்பாசி என்று தீவில் விளைவதைத் தாங்களே பறித்துச் சேர்க்கிறார்கள். ஆளை அடக்கி வைக்க ஊற்றிக் கொடுப்பதும், ஊரில் தங்கிப் பிழைக்கத் தயாரிப்பதும் ஒன்றாகிவிடாது.

ஆர்வெலுக்குப் பிடித்த பானமாக உலகம் அறிந்தது தேநீர். ஜூராவுக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, நல்ல தேநீர் போடுவதற்கு 11 விதிகள் சொல்லிக் கட்டுரை எழுதினார். இந்தியத் தேயிலையோ இலங்கைத் தேயிலையோதான் வேண்டும் என்பது முதல் விதி. அந்த இலங்கைத் தேயிலைக்குப் பின்னால் இருந்தது மலையகத் தமிழரின் உழைப்பு. அந்தக் கட்டுரையைப் படிக்கும் தமிழர்கள் அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தாளரின் வீடு அவரது புகழால் மட்டும் நிற்பதில்லை. கூரை மாற்ற, பாதையைச் செப்பனிட, கதை சொல்லப் பக்கத்தில் ஆட்கள் வேண்டும். ஜூராவில் அந்த ஆட்கள் தங்குவதற்கு விஸ்கியும் ஒரு காரணம், ஆர்வெலைத் தேடி வரும் வாசகர்களும் ஒரு காரணம். போக வாய்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விஸ்கியை ருசிப்பதும் ருசிக்காததும் உங்கள் விருப்பம். நாவலைப் படித்துவிட்டுப் போங்கள், தார்ச்சாலை முடியும் இடத்தில் திரும்பிவிடாமல் பார்ன்ஹில் வரை நடங்கள். வேண்டிய ரொட்டியையும் பாலையும் கிரெய்க்ஹவுஸில் ஊர்மக்களே நடத்தும் கடையில் வாங்குங்கள்.