மேலே நிற்கும் விடை

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பைத்தான் மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். பதினேழு மிட்டாய்களை ஐந்து குழந்தைகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் முழுதாக எத்தனை கிடைக்கும் என்பதே கணக்கு. மூன்று என்னும் விடை வரவேண்டும், திரையிலோ 3.4 என்று வருகிறது. ஐயம் தீர அவள் இணையத்தில் தேடுகிறாள். நிரலாளர்கள் வினா எழுப்பி விடை பெறும் தளம் ஒன்றில் இதே வினாவை முன்பே யாரோ கேட்டிருக்கின்றனர். அதன்கீழ் ஏழு விடைகள் உள்ளன. முதலில் நிற்கும் விடையின் அருகே பெரியதோர் எண். அதை எழுதியவர் பெயரின் அருகே அதனினும் பெரியதோர் எண். "இரண்டும் முழு எண்களாக இருந்தால் ஒரு சாய்கோடு போதும், பின்னம் தானாகவே நீங்கிவிடும்" என்கிறது அவ்விடை. அவள் அவ்வாறே செய்கிறாள். மீண்டும் 3.4.

அந்த விடையை எழுதியவர் பொய் சொல்லவில்லை. பைத்தானின் பழைய பதிப்பில் 17/5 என்று எழுதினால் 3 என்றுதான் வரும். 2008ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அவ்விதி மாறியது. முழு எண் மட்டும் வேண்டுமெனில் இரட்டைச் சாய்கோடு இடவேண்டும். பழைய பதிப்பைப் பேணும் பணி 2020 சனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. ஆயினும், பழைய பதிப்பு வழக்கிலிருந்த காலத்தில் விடைகளுக்கு விழுந்த வாக்குகள் அழிவதில்லை. மருந்துப் புட்டியின்மேல் காலாவதி நாள் உண்டு. வாக்குக்கு அப்படி ஒன்று இல்லை.

வாக்குமுறை ஏன் வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஒரு வினாவுக்கு நூறு பேர் விடை எழுதினால் படிப்பவர் எங்கே தொடங்குவது? வசைமொழியும் விளம்பரமும் நல்ல விடைகளோடு கலந்து கிடந்தால் அவற்றைப் பிரித்தெடுப்பவர் யார்? ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் ஆசிரியர் ஒருவரே அனைத்தையும் படித்துத் திருத்த இயலாது. எனவே படிப்பவர்களிடமே அப்பணி ஒப்படைக்கப்பட்டது. 2008இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகிய இருவரும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் இம்முறையால்தான் வளர்ந்தது. அதனால் பயனடையாத நிரலாளர் அரிது. வாக்கே வேண்டாம் என்போர் குப்பைமேட்டில் ஊசி தேடிய அனுபவம் இல்லாதவர்களாகவே இருக்கவேண்டும்.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. தேர்தலில் ஒருவர் வாக்களிக்கும்போது மற்றவர் வாக்கு அவருக்குத் தெரியாது. எண்ணிக்கை தொடங்கும்வரை பெட்டி மூடியே இருக்கும். இணைய உரையாடலிலோ பெட்டி எப்போதும் திறந்தே கிடக்கிறது. முன்னே வந்தவர் என்ன நினைத்தார் என்பதைப் பார்த்த பிறகே அடுத்தவர் நினைக்கத் தொடங்குகிறார். வகுப்பறையில் முதல் மதிப்பெண் பெறும் மாணவர் கை உயர்த்தியதும் மற்றவர் கைகள் மெல்ல இறங்குவதைக் காணாதவர் உண்டா?

இது வெறும் ஊகமன்று. 2006இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் மூன்று ஆய்வாளர்கள் அறிவியல் இதழொன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களைப் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் கேட்டனர். ஒரு பகுதியினருக்குப் பாடல்களின் பெயர்கள் மட்டும் காட்டப்பட்டன. ஏனையோர் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டனர். தத்தம் உலகில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினர் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. முடிவு வியப்புக்குரியது. தனியாகக் கேட்டவர்களின் மதிப்பீட்டில் 26ஆம் இடம் பெற்ற ஒரு பாடல், ஓர் உலகில் முதலிடம் பிடித்தது. மற்றோர் உலகில் நாற்பதாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. பாடல் ஒன்றே. கேட்டவர்களும் ஏறத்தாழ ஒரே வகையினர். தொடக்கத்தில் வந்த சிலர் எதைத் தொட்டார்கள் என்பதே வேறுபாடு. மிகச் சிறந்த பாடல்கள் எங்கும் பெரிதாகத் தோற்கவில்லை, மிக மோசமானவை எங்கும் பெரிதாக வெல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் இடையில் நின்ற பெரும்பாலானவற்றின் தலைவிதியை முதல் சிலரின் தேர்வே எழுதியது.

2013இல் முச்னிக், ஆரல், டெய்லர் ஆகியோர் இன்னும் நேரடியாகச் சோதித்தனர். செய்திகளைப் பகிரும் ஒரு தளத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றுக்குத் தாங்களே ஒரே ஓர் ஆதரவு வாக்கை இட்டனர். வேறு சிலவற்றுக்கு ஓர் எதிர்வாக்கு. பொய்யான அந்த ஓர் ஆதரவு வாக்கு, கருத்தின் இறுதி மதிப்பைச் சராசரியாக 25 விழுக்காடு உயர்த்தியது. எதிர்வாக்கின் கதை வேறு: அதைக் கண்ட பிறர் இரக்கப்பட்டோ நியாயம் கருதியோ ஆதரவு வாக்கிட்டுச் சமன் செய்துவிட்டனர். கூட்டம் பழியை ஐயுறுகிறது, புகழை ஐயுறுவதில்லை.

தமிழில் நடைபெறும் உரையாடல்களுக்கு இச்செய்தி இன்னும் பொருத்தமானது. ஆயிரம் பேர் வாக்களிக்கும் இடத்தில் முதல் வாக்கின் பிழையை அடுத்து வருபவர் திருத்த வாய்ப்புண்டு. பத்துப் பேர் மட்டுமே படிக்கும் இடத்தில் முதல் இருவர் சொன்னதே பெரும்பாலும் முடிவாகிவிடும்.

வாக்குகளை எண்ணும் முறையிலும் கவனம் தேவை. ஒரு விடைக்கு ஒருவர் மட்டும் வாக்களித்து, அவரும் ஆதரித்தார், நூற்றுக்கு நூறு. மற்றொன்றுக்கு நூறு பேர் வாக்களித்ததில் தொண்ணூறு பேர் ஆதரித்தனர், நூற்றுக்குத் தொண்ணூறு. எது மேலே நிற்கவேண்டும்? எட்வின் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1927இலேயே இதற்கு ஒரு வாய்பாடு தந்துள்ளார். குறைந்தது எத்தனை விழுக்காட்டினரின் ஆதரவை 95 விழுக்காட்டு உறுதியோடு எதிர்பார்க்கலாம் என்று அதன்படி கணக்கிட்டால், முதல் விடைக்கு ஏறத்தாழ 21, இரண்டாவதற்கு ஏறத்தாழ 83 வரும். ரெடிட் தளம் 2009இல் கருத்துகளை வரிசைப்படுத்த இவ்வாய்பாட்டை மேற்கொண்டது. தாமதமாக வந்த நல்ல கருத்தும் மேலேற அதனால் வழி பிறந்தது. எளிய கணிதம் ஓரளவு அநீதியைக் களையும் என்பதற்கு இது நல்ல சான்று.

கருத்துக்கு இடும் வாக்கு ஒருபுறம் இருக்க, ஆளுக்குச் சேரும் நன்மதிப்புப் புள்ளி மறுபுறம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த விதிகளின்படி, விடைக்கு ஓர் ஆதரவு வாக்கு கிடைத்தால் எழுதியவருக்குப் பத்துப் புள்ளிகள். எதிர்வாக்கு விழுந்தால் இரண்டு குறையும். பதினைந்து புள்ளிகள் சேர்ந்தால்தான் பிறருக்கு ஆதரவு வாக்கிடலாம். பிறர் விடையின்கீழ்க் குறிப்பெழுத ஐம்பது வேண்டும். எதிர்வாக்கிட நூற்று இருபத்தைந்து. குறும்பர்களைத் தடுக்க இவ்வேலி தேவை என்பது மறுக்கத்தக்கதன்று. ஆனால் ஒரு விடை பழமையாகிவிட்டது என்பதை முதலில் உணர்பவர் யார்? அதை இன்று பயன்படுத்தித் தோற்றுப்போகும் புதியவர்தானே! அவரிடம் புள்ளி இல்லை. பிழை கண்டவருக்கு வாய் இல்லை. வாய் உள்ளவருக்கோ அப்பக்கத்துக்குத் திரும்பி வரவேண்டிய தேவை இல்லை.

புள்ளி எழுதுபவரின் மனத்தையும் மாற்றுகிறது. ஆழ்ந்து சிந்தித்து இரண்டு மணி நேரம் கழித்து எழுதுபவரைவிட, இரண்டு நிமிடத்தில் அரைகுறையாக எழுதுபவருக்கு வாக்குகள் முந்தி வருகின்றன. எதிர்வாக்கு பெற்றவர் திருந்துவார் என்பதும் நம்பிக்கையே. நான்கு பெரிய செய்தித்தளங்களின் வாசகர் கருத்துகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, எதிர்வாக்கு பெற்றவர்கள் அதன்பின் முன்னினும் மிகுதியாகவும் முன்னினும் தரக்குறைவாகவும் எழுதினர் என்றும், பிறருக்கும் எதிர்வாக்குகளை அள்ளி வீசினர் என்றும் கண்டது. அடிபட்ட குழந்தை அடுத்த குழந்தையை அடிப்பது போலத்தான்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. 1997இல் தோன்றிய ஸ்லாஷ்டாட் தளத்தில் மதிப்பிடும் உரிமை உறுப்பினர் சிலருக்கு மட்டும், சில நாள்களுக்கு மட்டும் தரப்பட்டது. எந்த உரையாடலில் ஒருவர் மதிப்பிடுகிறாரோ அதில் அவர் பேச இயலாது. எந்தக் கருத்தும் ஐந்துக்குமேல் பெறவும் இயலாது. எனவே ஆயிரம் வாக்கு பெற்ற அரசர்கள் அங்கே உருவாகவில்லை. யூடியூப் 2021இல் விரும்பாதோர் எண்ணிக்கையைப் பார்வையாளர்களிடமிருந்து மறைத்தது; காணொலியை வெளியிட்டவர் மட்டும் அதைக் காணலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் பின்னாளில், பழைய வாக்குகளின் எடையைக் குறைத்து வரிசைப்படுத்தும் முறையைச் சேர்த்தது. இவற்றுள் ஸ்லாஷ்டாட்டின் விதியே மிகவும் நேர்மையானது. மற்றவை எண்ணை மறைக்கின்றன அல்லது சீர்செய்கின்றன. அது ஒன்றுதான், மதிப்பிடுபவரும் போட்டியிடுபவரும் ஒருவராக இருப்பதைத் தடுக்கிறது. இத்துடன், புதிய விடையின் வாக்கு எண்ணிக்கையை முதல் ஒருநாள் மறைத்து வைத்தலும், எழுதியவரின் புள்ளியை விடையின் அருகே காட்டாமல் விடுதலும் சேர்ந்தால், படிப்பவர் எண்ணைப் படிக்குமுன் எழுத்தைப் படிக்க நேரும்.

அந்த மாணவி கீழே இறங்கிச் சென்றாள். ஆறாவதாக, இரண்டே வாக்குகளுடன் ஒரு விடை இருந்தது. "மூன்றாம் பதிப்பில் இரட்டைச் சாய்கோடு இடுக" என்னும் ஒரே வரி. எழுதியவருக்குப் பெரும்புகழ் ஏதுமில்லை. அவள் 17//5 என்று எழுதிப் பார்த்தாள். 3 என்று வந்தது. மகிழ்ச்சியில் உடனே கணக்குத் தொடங்கி, அவ்விடைக்கு ஆதரவு வாக்கிட முயன்றாள். புதிய உறுப்பினர் என்ற முறையில் அவளிடம் இருந்தது ஒரே ஒரு புள்ளி; வாக்கிட இன்னும் பதினான்கு தேவை என்று தெரிந்தது. விடை ஆறாம் இடத்திலேயே நின்றது.